புறப்படும்வரை தங்க அனுமதி: மலையகத் தமிழரும் வதிவிட விசாவும்

வதிவிட விசா என்பது வெளிநாட்டவர் ஒருவர் குறித்த காலம்வரை ஒரு நாட்டில் தங்குவதற்கு அந்நாட்டு அரசு வழங்கும் அனுமதியாகும். ஆயினும் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து முதிர்ந்த பல்லாயிரம் இந்திய வம்சாவளித் தமிழருக்கு, அது நாட்டைவிட்டு வெளியேறும் நாள்வரை தங்குவதற்கான அனுமதியாகவே அமைந்தது.

இந்நிலைக்கு அடித்தளமிட்டவை 1948ஆம் ஆண்டின் இரு சட்டங்களாகும். அவற்றுள் குடியுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழி முன்னோரோ இலங்கையில் பிறந்தமைக்குச் சான்று கேட்டதால், பிறப்புப் பதிவே அரிதாயிருந்த லயக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்) குடும்பங்கள் பெரும்பாலும் நாடற்றோராயின; குடிவரவு குடியகல்வுச் சட்டமோ குடியுரிமை இல்லாதோரின் வருகையையும் தங்குதலையும் அனுமதிச் சீட்டுகளுக்கு உட்படுத்தியது.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் 15 ஆண்டுகளில் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வதென 1974இல் முடிவாயிற்று. இந்தியக் குடியுரிமை பெற்றவர், கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் சட்டத்தின் பார்வையில் அந்நியரானார். எனினும் தாயகம் திரும்பும் முறை வரும்வரை, அல்லது 55 வயது நிறையும்வரை, வேலையில் தொடர ஒப்பந்தம் இடமளித்தமையால், அவருடைய தங்குதலுக்கு வதிவிட அனுமதி தேவைப்பட்டது. கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் வழங்கிய குடும்ப அட்டை, சேமலாப நிதி, சேவைக்காலப் பணிக்கொடை, அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டு அனுமதி ஆகிய அனைத்தும் ஒழுங்குபட்ட பின்னரே குடும்பம் தலைமன்னார் செல்லும் புகையிரதத்தில் ஏறியது. வழியனுப்ப வந்தோரின் அழுகுரலால் அவ்வண்டியை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர்.

அனுமதியின் காலம் முடிவதும் நீள்வதும் தனியொருவரின் விருப்பத்தைப் பொறுத்தனவாக இருக்கவில்லை. இந்தியாவுக்கு எழுவர் என்றால் இலங்கைக்கு நால்வர் என்ற விகிதத்தை அவ்வொப்பந்தத்தை நடைமுறைப்படுத்த வந்த 1967ஆம் ஆண்டின் சட்டம் பேணியது. 1971இன் திருத்தமோ, இந்தியாவுக்கு உரியோர் உண்மையில் புறப்பட்ட எண்ணிக்கையுடன் இலங்கைக் குடியுரிமை வழங்குவதை இணைத்தது. இதனால் ஒருவர் தங்கிவிட்டால், முன்பின் அறியாத இன்னொருவரின் குடியுரிமை தாமதமாகும் நிலை உருவாயிற்று.

1984இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் சேவை நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டு பெற்றும் புறப்படாத பலர் தோட்டங்களிலேயே தங்கிவிட்டனர். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்து வந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே, இவ்வாறு தங்கியோரும் பிரகடனம் ஒன்றின் மூலம் இலங்கைக் குடிமக்களாக வழி திறந்தது.