காந்தமும் மூளையும்

தொடாமலேயே இரும்பை ஈர்க்கும் கல், உடலிலுள்ள நோயையும் ஈர்த்து எடுத்துவிடாதா என்னும் எண்ணம் பல நாட்டு மக்களுக்கும் பல காலங்களில் தோன்றியிருக்கிறது. இன்றும் காந்த வளையல்களும் காந்தப் பட்டைகளும் நம் கடைவீதிகளில் விலைபோகின்றன. அதே வேளையில், பெரிய மருத்துவமனைகளில் மனச்சோர்வு நோயாளியின் தலைமீது காந்தச் சுருளை வைத்து மருத்துவர்கள் சிகிச்சை அளிக்கிறார்கள். இரண்டுக்கும் பெயர் ஒன்றே. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. அவற்றைப் பிரித்தறிய மனிதன் கற்ற வரலாற்றை நாம் சிறிது காண்போம்.

வியன்னா நகரத்து மருத்துவர் ஃபிரான்ஸ் ஆன்டன் மெஸ்மர் 1774-ஆம் ஆண்டில் ஒரு பெண் நோயாளிக்கு எஃகுக் காந்தங்களைக் கொண்டு சிகிச்சை செய்தார். விரைவிலேயே, காந்தங்கள் கூடத் தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தார். உயிர்கள் அனைத்திலும் கண்ணுக்குப் புலனாகாத ஒரு காந்தத் திரவம் ஓடுகிறது, அதன் ஓட்டம் தடைப்படுவதே நோய், தம் கை அசைவாலேயே அத்தடையை நீக்கலாம் என்பது அவர் கொள்கை. 1778-இல் அவர் பாரிஸ் நகரம் சென்றார். பெருந்தொட்டி ஒன்றைச் சுற்றி அமர்ந்து, அதிலிருந்து நீளும் இரும்புக் கம்பிகளை உடலில் பொருத்திக்கொள்ளச் செல்வர்கள் திரண்டனர். சிலர் நடுங்கினர், சிலர் மயங்கினர், பலர் குணமடைந்தோம் என்றனர்.

1784-ஆம் ஆண்டில் பதினாறாம் லூயி மன்னர் இதனை ஆராய ஒரு குழுவை நியமித்தார். அமெரிக்கத் தூதராகப் பிரான்ஸில் இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினும், வேதியியல் அறிஞர் லவாய்சியரும் அதில் இடம்பெற்றனர். மெஸ்மர் ஒத்துழைக்க மறுத்தார். அவருடைய சீடர் டெஸ்லான் இசைந்தார். ஃபிராங்க்ளின் வாழ்ந்த பாஸி என்னும் ஊரில், தோட்டத்து மரமொன்றுக்கு டெஸ்லான் காந்த சக்தி ஏற்றினார். காந்தத்துக்கு எளிதில் வசப்படுவான் என்று அவரே தேர்ந்தெடுத்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி வேறு மரங்களிடம் ஒவ்வொன்றாக அழைத்துச் சென்றனர். நான்காவது மரத்தின் கீழ் அவன் மயங்கி விழுந்தான். காந்தம் ஏற்றிய மரமோ அங்கிருந்து இருபத்து நான்கு அடி தொலைவில் நின்றது!

காந்தத் திரவம் என்று ஒன்று இல்லை, விளைவுகள் கற்பனையால் எழுந்தவை எனக் குழு அறிவித்தது. இங்கே நாம் ஒன்றை மறந்துவிடலாகாது. சிறுவன் நடிக்கவில்லை, உண்மையாகவே மயங்கினான். நம்பிக்கைக்கும் உடலை அசைக்கும் வலிமை உண்டு. ஆகையால் ஒரு சிகிச்சையின் பயனை அளக்க வேண்டுமானால், நம்பிக்கையின் பயனை முதலில் கழித்துவிட வேண்டும். கண்கட்டுச் சோதனை உலகுக்கு அளித்த பாடம் இதுவே.

இவ்விவாதம் நம் நாட்டையும் எட்டியது. 1845-இல் வங்காளத்து ஹூக்ளியில் பணிபுரிந்த ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்னும் ஆங்கில அரசின் மருத்துவர், மெஸ்மரின் முறையால் நோயாளிகளை உறக்கம் போன்ற நிலைக்கு ஆட்படுத்திப் பெரிய கட்டிகளை அறுத்து நீக்கலானார். 1846-இல் அரசாங்கக் குழுவொன்று அதனைப் பார்வையிட்டது. கல்கத்தாவில் ஒரு மருத்துவமனையும் அவருக்கு அளிக்கப்பட்டது. ஈதரும் குளோரோஃபாமும் வந்தபின் அம்முறை மங்கியது. காந்தமே இல்லாத காந்த சிகிச்சையால் வலியை அடக்க முடிந்ததென்றால், அங்கே வேலை செய்தது மனமேயன்றி வேறென்ன?

உண்மையான காந்த சிகிச்சைக்கு வித்திட்டது வேறொரு கண்டுபிடிப்பு. 1831-ஆம் ஆண்டில் லண்டனில் மைக்கேல் ஃபாரடே, மாறுகின்ற காந்தப்புலம் தன் அருகிலுள்ள கம்பியில் மின்னோட்டத்தை எழுப்பும் எனக் காட்டினார். ‘மாறுகின்ற’ என்பதே இங்கு உயிர்ச்சொல். அசையாத காந்தம் எத்துணை வலியதாயினும் அவ்வாறு மின்னோட்டத்தை எழுப்பாது. 1870-இல் ஜெர்மானியரான ஃபிரிட்ஷும் ஹிட்ஸிக்கும் நாயின் மூளைப் பரப்பில் மின்சாரம் செலுத்தி, மறுபக்கத்துக் கால்கள் அசைவதைக் கண்டனர். மூளையின் மொழி மின்சாரம் என்பது அதனால் தெளிவாயிற்று.

1892-இல் அமெரிக்காவில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில், வலிய காந்தங்களுக்கிடையே ஒரு நாயையும் பின்னர் ஒரு சிறுவனையும் வைத்துப் பார்த்தனர். யாதொரு மாற்றமும் தென்படவில்லை. 1896-இல் பிரெஞ்சு அறிஞர் தார்சொன்வால், மாறுமின்னோட்டம் பாயும் பெரிய சுருளுக்குள் தலையை வைத்தபோது கண்முன் ஒளி மினுங்கக் கண்டார். காந்தப் பட்டைக்கும் காந்தச் சுருளுக்கும் உள்ள வேறுபாடு இவ்விரு சோதனைகளில் அடங்கியிருக்கிறது.

1980-இல் மெர்ட்டன், மார்ட்டன் என்னும் ஆங்கில அறிஞர்கள் தலைத்தோலின் மேல் மின்சாரம் பாய்ச்சி மூளையைத் தூண்டினர். ஆனால் அது வலி தந்தது. 1985-இல் ஷெஃபீல்டு நகரத்தில் ஆன்டனி பார்க்கரும் அவர்தம் தோழர்களும் காந்தச் சுருளைத் தலைமேல் வைத்து இயக்கினர். வலியின்றி மறுபக்கத்துக் கை துடித்தது. சேமித்து வைத்த மின்சாரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் செப்புச் சுருள் வழியே பாய்கிறது. அதனால் எழும் காந்தப்புலம் மண்டையோட்டைத் தடையின்றிக் கடந்து, மூளையின் மேற்பரப்பில் ஓரிரு அங்குல ஆழத்துக்குள் சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. நோயாளிக்குக் கேட்பது ‘டக்’ என்ற ஓசை. உணர்வது தலைமேல் இலேசான தட்டல்.

நரம்புப் பாதைகளைச் சோதிக்கப் பிறந்த இக்கருவி விரைவில் மனநோய் மருத்துவத்துக்கும் வந்தது. துடிப்புகளை அடுத்தடுத்துச் செலுத்தினால், அதன் விளைவு கருவியை நிறுத்திய பின்னும் சிறிது நேரம் நிலைப்பதை அறிஞர்கள் கண்டனர். 1990-களின் நடுவில், நெற்றிக்குப் பின்னுள்ள இடப்புற மூளைப் பகுதியைத் தூண்டி, மருந்துக்கு வசப்படாத மனச்சோர்வைத் தணிக்க முயன்றனர். அப்போது பாஸியின் கேள்வி மீண்டும் எழுந்தது: இப்பயன் காந்தத்தினாலா, நம்பிக்கையினாலா?

விடை காணப் ‘போலிச் சுருள்’ உருவாயிற்று. அதே ஓசை, அதே தட்டல். மூளையை எட்டும் காந்தத் துடிப்பு மட்டும் இல்லை. தமக்கு எது வைக்கப்பட்டது என்பது நோயாளிக்கும் தெரியாது. பயனை மதிப்பிடுபவருக்கும் தெரியாது. 2010-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், உண்மைச் சுருள் பெற்றவர்களுள் நூற்றுக்குப் பதினால்வரும், போலி பெற்றவர்களுள் ஐவரும் மனச்சோர்விலிருந்து விடுபட்டனர். வேறுபாடு சிறிதே; ஆயினும் அது உண்மையானது. 2018-இல் முன்னாள் படைவீரர்கள் 164 பேரிடம் நடந்த ஆய்விலோ நூற்றுக்கு நாற்பத்தொருவர், முப்பத்தேழ்வர் என இருசாராரும் ஏறத்தாழ ஒன்றாகவே நலம்பெற்றனர். பக்கவாதத்தால் கை வலுவிழந்தோருக்கு நடந்த பெரிய ஆய்வொன்றிலும் போலிச் சுருளை உண்மைச் சுருள் வெல்லவில்லை.

இத்தகைய சல்லடைகளில் சலித்தபின் நிற்பதைக் கொண்டே சிகிச்சை வளர்ந்திருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகம் 2008-இல் மனச்சோர்வுக்கும், 2013-இல் ஒருவகை ஒற்றைத் தலைவலிக்கும், 2018-இல் எண்ணங்களும் செயல்களும் விடாது திரும்பத் திரும்ப வரும் மனநோய்க்கும் இதற்கு இசைவளித்தது. முன்பு முப்பத்தேழு நிமிடம் பிடித்த சிகிச்சையை மூன்றே நிமிடத்தில் முடித்தாலும் பயன் குறைவதில்லை என 2018-இல் கானடா நாட்டு ஆய்வொன்று காட்டியது. வாரம் ஐந்து நாளாக நான்கு முதல் ஆறு வாரம் மருத்துவமனைக்கு வந்து செல்ல வேண்டிய நோயாளிக்கும், காத்திருக்கும் அடுத்த நோயாளிக்கும் இது பேருதவி. பெங்களூரின் நிம்ஹான்ஸ் உள்ளிட்ட நம் நாட்டு நிலையங்களிலும் இச்சிகிச்சை நடைபெறுகிறது. தலைக்குள் உலோகத் துண்டு உள்ளவர்களுக்கு இது ஆகாது. அரிதாக வலிப்பும் வரக்கூடும்.

மருந்துகள் கைவிட்ட மனச்சோர்வு ஒரு குடும்பத்தின் நம்பிக்கையையே உலுக்கிவிடும். அந்நிலையில் எவர் எதைக் கொடுத்தாலும் வாங்கத் தோன்றுவது இயல்பு. அப்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இது இன்ன நோய்க்குப் போலியோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டதா? சோதனையில் எத்தனை பேருக்குப் பயன்பட்டது? மருத்துவமனைச் சுருளைப் பற்றிக் கேட்டால், குறைவும் நிறைவுமாக ஒரு விடை கிடைக்கும். கடைவீதிப் பட்டையை விற்பவரிடமும் அதே கேள்விகளைத் தயங்காமல் கேட்போம்; விடை வராவிடில் காசை முடிந்துகொண்டு மருத்துவரிடம் செல்வோம்.