வீட்டுக்கு மரத்தரை: மூணு கொட்டேஷனில் குறைச்சலான ரேட், கடைசியில் பெரிய பில் ஆவது எப்படி?

பெட்ரூமுக்கு வுட்டன் ஃபுளோரிங் போடலாம்னு முடிவு பண்ணியாச்சு. மூணு பேரிடம் ரேட்டும் கேட்டாச்சு. ஒருவர் சதுர அடிக்கு 140 ரூபாய் என்கிறார். இன்னொருவர் 165 ரூபாய். மூன்றாமவர் சதுர அடிக் கணக்கே பேசாமல், "மொத்தம் 39,500, எல்லாம் சேர்த்து" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புகிறார். வேலையை யாருக்குக் கொடுப்பது?

பெரும்பாலானவர்கள் 140 ரூபாய் சொன்னவருக்குத்தான் போன் போடுவார்கள். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏன்னா, இந்த மூணு பேரும் ஒரே வேலைக்கு ரேட் சொல்லவில்லை. ஒருவர் பலகைக்கு மட்டும் சொல்கிறார், ஒருவர் பலகையும் கூலியும் சேர்த்துச் சொல்கிறார், ஒருவர் எதற்குச் சொல்கிறார் என்பதே தெரியவில்லை. மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டு வராமல் ரேட்டை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பாகத்தான் வரும்.

'டீக்' என்று எழுதியிருந்தால் தேக்கா?

முதலில் பார்க்க வேண்டியது ரேட் இல்லை, பொருளின் பெயர். 'வுட்டன் ஃபுளோரிங்' என்ற ஒரே பெயரில் சந்தையில் நாலு விதமான பொருள் விற்கிறது.

முழு மரப் பலகை, அதாவது சாலிட் ஹார்ட்வுட். வழக்கமாக 18 முதல் 20 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். தேய்ந்துபோனால் இழைத்து, மறுபடியும் பாலிஷ் போடலாம். அடுத்தது இன்ஜினியர்டு வுட். மேலே மெல்லிசாக நிஜ மரம், கீழே பிளைவுட் அடுக்குகள். மேலே இருக்கும் அந்த நிஜ மரம் எத்தனை மில்லிமீட்டர் என்பதில்தான் அதன் விலையே இருக்கிறது. 4 மில்லிமீட்டர் என்றால் பின்னாளில் இழைக்கலாம். 1 மில்லிமீட்டருக்கும் கீழே என்றால் இழைக்கிற பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது லேமினேட். இது மரத்தூளை அழுத்திச் செய்த ஹெச்டிஎஃப் பலகை. மேலே தெரியும் மர ரேகை, மரத்தைப் படம் எடுத்து அச்சிட்ட தாள். நான்காவது எஸ்பிசி, வினைல் வகை. இதில் மரமே கிடையாது. சுண்ணாம்புக்கல் தூளும் பிளாஸ்டிக்கும்தான்.

இதில் எதுவும் மட்டமான பொருள் இல்லை. லேமினேட் போட்டு வருஷக்கணக்கில் சந்தோஷமாக இருக்கிற வீடுகள் ஏராளம். ஆனால் கொட்டேஷனில் 'டீக் ஃபினிஷ்' என்று இருந்தால் அது தேக்கு இல்லை, தேக்கு நிறம். 'பர்மா டீக் ஷேட்' என்றாலும் அதே கதைதான். ஒருவர் இன்ஜினியர்டு வுட்டுக்கு ரேட் சொல்லி, இன்னொருவர் லேமினேட்டுக்குச் சொல்லியிருந்தால், அந்த ரெண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

லேமினேட் என்றால் தடிமனோடு ஏசி ரேட்டிங்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இது தேய்மானத்தைத் தாங்கும் திறனுக்கான ஐரோப்பிய அளவீடு. வீட்டுக்கு ஏசி3 போதும். ஆள் நடமாட்டம் அதிகம் உள்ள ஹாலுக்கு ஏசி4 நல்லது. "12 எம்எம் சார், ஸ்ட்ராங்கா இருக்கும்" என்பார்கள். தடிமன் கூடினால் மிதிக்கும்போது கெட்டியாகத் தெரியும் என்பது சரி. ஆனா மேல்பரப்பு கீறல் விழாமல் இருப்பதற்கும் தடிமனுக்கும் சம்பந்தமில்லை.

23,520 ரூபாய் எப்படி 41,311 ஆகிறது?

இனி கணக்குக்கு வருவோம். கீழே வரும் ரேட்டுகள் புரிவதற்காகச் சொல்லப்படும் உதாரணம் மட்டுமே. ஊருக்கு ஊர், பிராண்டுக்கு பிராண்ட் இது மாறும்.

12க்கு 14 அடி பெட்ரூம். பரப்பு 168 சதுர அடி. மூணு பேரும் ஒரே லேமினேட்டுக்குத்தான் ரேட் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 140 ரூபாய் ரேட்டில் 23,520 ரூபாய். வீட்டுக்காரர் மனசில் நிற்பது இந்தத் தொகைதான்.

ஆனால் பலகை சதுர அடியாக வராது, பெட்டியாகத்தான் வரும். மூலைகளில் வெட்டுவதால் கொஞ்சம் வீணாகும். நேராகப் போடும் டிசைனுக்கு 5 முதல் 10 சதவீதம் வேஸ்டேஜ் வைப்பார்கள். மீன்முள் மாதிரி வரும் ஹெரிங்போன் டிசைனுக்கு இன்னும் கூடும். இங்கே 8 சதவீதம் என்றால் 181 சதுர அடி சொச்சம் தேவை. ஒரு பெட்டி 20 சதுர அடி என்றால் ஒன்பது பெட்டியில் 180தான் வரும். ஒன்றரை சதுர அடிக்காகப் பத்தாவது பெட்டியைப் பிரித்தாக வேண்டும். பெட்டிக் கணக்கில் பில் போடுபவர் 200 சதுர அடிக்குக் காசு கேட்பார். அது 28,000 ரூபாய்.

பலகைக்கு அடியில் போடும் ஃபோம் ஷீட் சதுர அடிக்கு 10 ரூபாய் என்றால் 2,000. சுவரோரம் அடிக்கும் ஸ்கர்ட்டிங் ரன்னிங் அடிக்கணக்கு. அறையின் சுற்றளவு 52 அடி, அதில் வாசலுக்கு 3 அடி போக 49 அடி. அடிக்கு 90 ரூபாய் என்றால் 4,410. வாசலில் மரத்தரையும் ஹால் டைல்ஸும் சேரும் இடத்தில் போடும் பட்டைக்கு 600. ஆக 35,010. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 41,311 ரூபாய் ஆகிவிடும்.

165 ரூபாய் சொன்னவர் கதை வேறு. ஃபோம் ஷீட் அவர் ரேட்டிலேயே அடக்கம். பெட்டிக் கணக்கு பார்க்காமல், போட்டு முடித்த பரப்புக்கு மட்டும் காசு வாங்குகிறார். வேஸ்டேஜ் அவர் பொறுப்பு. அப்படியென்றால் 27,720 ரூபாய். ஸ்கர்ட்டிங் அடிக்கு 85 ரூபாய் வீதம் 4,165, வாசல் பட்டை 600. வரியோடு சேர்த்து 38,332 ரூபாய். 25 ரூபாய் அதிகம் சொன்னவரிடம் கிட்டத்தட்ட 3,000 ரூபாய் மிச்சம்!

மொத்தமாக 39,500 சொன்னவர்? அந்தத் தொகை இப்போது அப்படியொன்றும் அதிகமாகத் தெரியவில்லை. ஜிஎஸ்டி, கதவு அறுப்பது, பழைய கட்டில் பீரோ நகர்த்துவது எல்லாம் அதில் அடக்கம் என்றால் அவரே லாபமாக இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரி மெசேஜில் பிராண்ட் இல்லை, தடிமன் இல்லை, ஒன்றுமே இல்லை. விவரம் எழுதி வாங்கும் வரை அது கொட்டேஷனே கிடையாது.

கூடவே இன்னொன்று. பெட்டிக் கணக்கில் காசு கொடுத்திருந்தால் மிஞ்சிய பலகை உங்களுடையது. பரணில் போட்டு வையுங்கள். நாலு வருஷம் கழித்து ஒரு பலகை உடைந்தால் அதே ரேகை, அதே நிறம் கடையில் கிடைப்பது கஷ்டம்.

தரையைப் பார்க்காமல் ரேட் சொல்பவரா?

போனிலேயே ரேட் சொல்லி முடிப்பவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள். மரத்தரையின் ஆயுளை முடிவு செய்வது அதன் கீழே இருக்கும் தரைதான். 10 அடி நீளத்துக்குள் மேடு பள்ளம் 5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தத் தொழிலில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அதற்கு மேல் இருந்தால் லெவலிங் செய்தாக வேண்டும். செய்யாமல் போட்டால் நடக்கும்போது 'டொக் டொக்' சத்தம் வரும், பலகைகளைப் பூட்டும் விளிம்பு உடையும். பல கொட்டேஷன்களில் 'லெவலிங் எக்ஸ்ட்ரா' என்று கடைசி வரியில் சின்னதாக இருக்கும். எவ்வளவு எக்ஸ்ட்ரா என்பது இருக்காது. வேலை பாதியில் நிற்கும்போதுதான் அந்தத் தொகை தெரியவரும்.

அதைவிடப் பெரிய எதிரி ஈரம். தரைத்தளத்து வீடு, புதுசாகக் காங்கிரீட் போட்ட வீடு, பாத்ரூமை ஒட்டிய அறை என்றால் கட்டாயம் சோதிக்க வேண்டும். வந்து பார்ப்பவர் ஈரமானி வைத்து அளக்கிறாரா என்று கவனியுங்கள். வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு எளிய வழியும் உண்டு. ஒன்றரை அடி சதுரத்தில் பாலித்தீன் ஷீட்டைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் காற்று புகாமல் டேப் ஒட்டி, 16 மணி நேரமாவது விட்டு எடுங்கள். அடியில் நீர் முத்து முத்தாக இருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ, இப்போதைக்கு மரத்தரை வேண்டாம். ஆனால் இதில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக ஈரமே இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. மானி வைத்து அளப்பதுதான் சரி.

பழைய டைல்ஸ் மேலேயே போடுவதாக இருந்தால் தரை உயரும். 8 மில்லிமீட்டர் பலகையும் ஃபோமும் சேர்ந்தால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல். கதவு திறக்காது. அடியை அறுக்க ஆசாரியை யார் கூட்டி வருவது, கூலி யார் தருவது என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

முழு மரப் பலகை போடுபவர்களுக்குக் கேள்விகள் இன்னும் கூடுதல். அடியில் பிளைவுட் உண்டா, ஆணியா பசையா, இழைப்பது ரேட்டில் சேருமா, பாலிஷ் எத்தனை கோட், வேலைக்கு முன் பலகையை அறையில் எத்தனை நாள் வைப்பார்கள்? சென்னை போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரத்துக்கு மரம் ஊதிச் சுருங்கும். பலகை அந்த அறையின் காற்றுக்குப் பழகிய பிறகுதான் போட வேண்டும். லேமினேட்டையும் வழக்கமாக 48 மணி நேரம் அறையிலேயே வைக்கச் சொல்கிறார்கள். "காலையில இறக்கிட்டு சாயங்காலம் முடிச்சிடுவோம்" என்பது பாராட்ட வேண்டிய வேகம் அல்ல.

பில் இல்லாமல் முடிச்சுக்கலாமா?

"பில் வேணும்னா 18 பர்சன்ட் சேரும் சார்" என்ற வசனம் எல்லா வீட்டுக்கும் வரும். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவரும், காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவரும் வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. வசூலிப்பவர் என்றால் 15 இலக்க ஜிஎஸ்டி எண் கொட்டேஷனில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் அது 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயரும், பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். பில் இல்லாமல் மிச்சம் பிடிக்கும் அந்தத் தொகைக்குப் பதிலாக நீங்கள் இழப்பது வாரண்டி.

அந்த வாரண்டியையும் படித்துப் பார்க்க வேண்டும். '10 வருஷம்' என்பது பெரும்பாலும் பலகையைத் தயாரித்த நிறுவனம் தருவது. போட்டவர் செய்த தப்புக்கு அது பொருந்தாது. போட்டவர் தன் வேலைக்கு எத்தனை மாதம் பொறுப்பு என்பதைத் தனியாக எழுதி வாங்க வேண்டும். தண்ணீரால் வரும் சேதமும் கரையானும் பல வாரண்டிகளில் சேராது. வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் உள்ள நம்ம வீடுகளில் இது சின்ன விஷயமில்லை. லேமினேட்டை நன்றாகப் பிழிந்த மாப்பால் துடைக்கலாம், கழுவ முடியாது. வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவியே ஆகணும் என்றால், அந்த அறைக்கு டைல்ஸ்தான் சரி என்று நேர்மையான கான்ட்ராக்டரே சொல்லிவிடுவார்.

அட்வான்ஸ் எவ்வளவு?

முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள். ஆர்டருக்கு ஒரு பங்கு, பலகை வீட்டுக்கு வந்து பெட்டி மேல் இருக்கும் பிராண்ட், தடிமன், ரேட்டிங் எல்லாம் கொட்டேஷனோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு பெரிய பங்கு, வேலை முடிந்து நடந்து பார்த்த பிறகு மீதி என்று பிரித்துக்கொள்ளலாம். மீதி வைக்கும் தொகை, அவர் திரும்பி வந்து சரிசெய்யும் அளவுக்காவது இருக்க வேண்டும். பணத்தை வங்கிக் கணக்கு வழியாகவோ யுபிஐ-யிலோ அனுப்புங்கள்.

அதன் பிறகும் தகராறு வந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்ததில் இருந்து 2 வருஷத்துக்குள் புகார் தர வேண்டும். கையெழுத்துப் போட்ட கொட்டேஷன், பில், பணம் அனுப்பிய விவரம், பெட்டி லேபிளின் போட்டோ, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் அதுவரை அழிக்காமல் வைத்திருங்கள்.