வேட்பாளருக்கு ஒரு பரீட்சை

"கிளார்க் வேலைக்குப் பரீட்சை உண்டு, பஸ் ஓட்டவும் உண்டு. சட்டம் போடப் போகிற எம்.எல்.ஏ.வுக்கு மட்டும் ஒன்றும் வேண்டாமா?" தேர்தல் வந்துவிட்டால் நாஞ்சில் நாட்டு டீக்கடைகளில் தவறாமல் காதில் விழும் கேள்வி இது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழகத்தில் முதலிடம் பிடித்த கன்னியாகுமரி மாவட்டம் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பரீட்சைக்கு ஆயிரம் வயதுக்கு மேல் ஆகிறது. அதன் பழைய தடங்களில் ஒன்று இதே மாவட்டத்து முஞ்சிறைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது.

முஞ்சிறையை அடுத்த பார்த்திவபுரத்தில் 866-ல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் ஒரு விஷ்ணு கோயிலையும், 95 பேர் உண்டு உறைந்து படிக்க ஒரு சாலையையும் அமைத்தான். முன்பே நடந்துவந்த கல்விச்சாலையான காந்தளூர்ச் சாலையின் நடைமுறையை அப்படியே பார்த்தெழுதிய ஏற்பாடு அது. உள்ளே வர இலக்கணமும் மீமாம்சையும் புரோகிதமும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது செப்பேடு. அதோடு இன்னொன்றும் கேட்கிறது: 'த்ரைராஜ்ய வ்யவஹாரம்', அதாவது மூன்று அரசுகளின் நிர்வாக நடைமுறை. சேர, சோழ, பாண்டிய நாடுகளையே இது குறிக்கிறது என்பர் ஆய்வாளர். பொது நிர்வாகம் தெரிகிறதா என்று ஆளைச் சோதித்து எடுக்கும் வழக்கம் நம் ஊரில் அன்றே இருந்திருக்கிறது.

இதற்கும் முந்தியது, திருநெல்வேலிக்கு வடக்கே மானூரில் உள்ள கல்வெட்டு. பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தது, சுமார் 800-ஆம் ஆண்டு. ஊர்ச் சபையில் பேச வேண்டுமானால் நிலப் பங்கு மட்டும் போதாது, வேதத்தின் மந்திர பிராமணமும் ஒரு தர்ம நூலும் கற்றிருக்க வேண்டும் என்கிறது. வந்த தீர்மானத்துக்கெல்லாம் "அன்று, அன்று" என்று குறுக்கே நிற்பவனுக்கும் அவனுக்குத் துணை போனவனுக்கும் ஐந்து காசு தண்டம்!

எல்லோரும் அறிந்த உத்தரமேரூர் இவற்றுக்குப் பின் வந்தது. பராந்தக சோழன் காலத்தில் 919-ல், வாரியம் எனும் சபைக் குழுக்களுக்கு ஆள் எடுக்க விதி எழுதினார்கள். இரண்டே ஆண்டில் கோளாறு கண்டு 921-ல் திருத்தினார்கள். வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேத அறிவு எல்லாம் வேண்டும். வேதத்தோடு பாஷ்யமும் ஓத வல்லவனுக்கு அரைக்கால் வேலியே போதும். தேறியவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் தெரியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். ஒரு விதியை மட்டும் நினைவில் வையுங்கள்: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடத்துப் பக்கமே வரக்கூடாது.

ஏதென்ஸ் நகரத்தாரும் குலுக்கல் போட்டவர்களே. பதவி விழுந்தவனை அவர்கள் விசாரித்தார்கள். கேட்டது படிப்பை அல்ல. பெற்றோரை ஒழுங்காகக் கவனிக்கிறாயா, வரி கட்டினாயா, படையில் சேவை செய்தாயா என்பதை.

எழுத்துப் பரீட்சையைப் பெரிதாக வளர்த்தது சீனா. அதிகாரிகளை அப்படித் தேர்ந்தெடுத்த செய்தி பாதிரிமார் வழியாகவும் காண்டன் துறைமுகத்து வியாபாரிகள் வழியாகவும் ஐரோப்பாவுக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனி வேலைகள் சிபாரிசுக்காரர் பிள்ளைகளுக்கே போய்க்கொண்டிருந்த நிலையை மாற்ற, 1855-ல் லண்டனில் போட்டித் தேர்வு நடந்தது. இன்றைய ஐ.ஏ.எஸ். தேர்வின் மூதாதை அதுதான்.

அதே கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் 1858 வரை வேலை பார்த்த ஜான் ஸ்டூவர்ட் மில், 1861-ல் ஒரு படி மேலே போனார். வாக்காளரே எழுதப் படிக்கவும் ஒரு கணக்குப் போடவும் தெரிந்தவராக இருக்கட்டும், படித்தவருக்குக் கூடுதல் ஓட்டு இருக்கட்டும் என்றார். அவர் நல்லெண்ணத்தில் சொன்னார். அமெரிக்காவின் மிசிசிப்பியில் 1890-ல் அரசியல் சட்டத்தை வாசி, விளக்கு என்று சோதனை வைத்தவர்களின் எண்ணமோ கறுப்பினத்தவரை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்துவது. அந்த அநியாயத்தை முறிக்க 1965-ல் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது.

இலங்கையில் 1911-ல் சட்டசபையில் 'படித்த இலங்கையர்' என்றே ஓர் இடம் ஒதுக்கினார்கள். வென்றவர் பொன்னம்பலம் இராமநாதன். இருபது வருஷத்தில், 1931-ல், அந்தத் தீவு படிப்பு, சொத்து பார்க்காமல் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை கொடுத்துவிட்டது.

நம் அரசியல் நிர்ணய சபையில் 1949 நவம்பர் 26 அன்று ராஜேந்திர பிரசாத் தம் குறையைச் சொன்னார்: சட்டத்தை நிறைவேற்றுபவருக்குத் தகுதி கேட்கிறோம், இயற்றுபவருக்குக் கேட்கவில்லையே என்று. நம் டீக்கடைக் கேள்வியேதான்.

அதற்கு நாகர்கோவில் 1969-ல் ஒரு பதில் சொன்னது. இரண்டு வருஷத்துக்கு முன் விருதுநகரில் மாணவர் தலைவர் சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றிருந்தார் முன்னாள் முதல்வர் காமராஜர். எம்.பி.யாக இருந்த மார்ஷல் நேசமணி மறைந்ததால் நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. பள்ளிக்கூடங்களும் கிறிஸ்தவக் கல்லூரியும் நிறைந்த, பட்டதாரிகளுக்குப் பஞ்சமில்லாத ஊர், ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவரை லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் டெல்லிக்கு அனுப்பியது. 1971-ல் மறுபடியும். ஏட்டுப் பரீட்சை ஒன்று இருந்திருந்தால், ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்த அந்த முதல்வரைத்தான் முதலில் வடிகட்டியிருக்கும்.

ஆனாலும் வேட்பாளரிடம் படிப்புக் கேட்கும் வழக்கம் நிற்கவில்லை. பாகிஸ்தானில் முஷாரஃப் 2002-ல் வேட்பாளருக்குப் பட்டம் கட்டாயம் என்றார். போலிப் பட்டங்கள் முளைத்தன. 2008-ல் உச்ச நீதிமன்றம் விதியை நீக்கியது. ராஜஸ்தான் 2014-ல் பஞ்சாயத்து வேட்பாளருக்குப் படிப்பு கேட்டது, 2019-ல் கைவிட்டது. ஹரியானாவும் 2015-ல் கேட்டது. அதை நம் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. பள்ளிக்கூடம் போகவிடாமல் வளர்த்த பெண்ணிடம் போய் சர்டிபிகேட் எங்கே என்று கேட்பது முறையா? மானூரிலும் உத்தரமேரூரிலும் வேதம் கேட்ட விதி பெரும்பாலான ஊராரை அப்படித்தான் வெளியே வைத்தது.

உத்தரமேரூரின் கணக்கு விதியோ இன்றும் உயிரோடு இருக்கிறது. தேர்தல் செலவுக் கணக்கை முறையாகக் கொடுக்காத வேட்பாளரை மூன்று ஆண்டு தகுதிநீக்கம் செய்ய 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10ஏ பிரிவு இடம் தருகிறது. சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாவற்றையும் வேட்பாளர் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்பது 2002, 2003-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புகளால் வந்தது. அந்தப் பத்திரங்கள் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி கிடக்கின்றன. அடுத்த முறை ஓட்டுப் போடப் புறப்படும் முன், உங்கள் தொகுதி வேட்பாளர்களுடையதை ஒருமுறை முழுசாக வாசித்துவிடுங்கள்.