வயிற்றுக் கட்டு: பழைய வேட்டியிலிருந்து பயிற்சி வரை

பிள்ளை பெற்றவளைப் "பச்சை உடம்புக்காரி" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். பழைய நூல் புடவையையோ வேட்டியையோ மடித்து அவள் வயிற்றைச் சுற்றி இறுகக் கட்டுவார்கள். பூண்டும் கருப்பட்டியும் சேர்ந்த மருந்து ஒரு பக்கம், இந்தக் கட்டு இன்னொரு பக்கம். "கட்டாவிட்டால் வயிறு சரிந்துவிடும்" என்பது பாட்டிமார் வாக்கு. இதில் எவ்வளவு உண்மை?

வயிற்றின் முன்பக்கம் இரண்டு நீளத் தசைகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. நடுவே அவற்றை ஒரு நார்ப்பட்டை இணைக்கிறது. கருப்பை வளர வளர அந்தப் பட்டை அகன்று, தசைகள் விலகுகின்றன. பலருக்குச் சில வாரங்களில் இடைவெளி தானாகக் குறையும். சிலருக்கு இரண்டு விரல் அகலத்துக்கு மேல் நின்றுவிடும். துணிக்கட்டு வயிற்றைத் தாங்கும். தசைக்கு வலு தராது. அளவு மீறி இறுக்கினால் இடுப்படித் தசைகளுக்குத்தான் பாரம்!

ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் தாய்மார்களை நாள்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் மின்னி ராண்டல், நடனக் கலைஞர் மார்கரெட் மோரிஸ் இருவரும் 1936-ல் பிரசவத்துக்குப் பிந்தைய பயிற்சிகளைப் புத்தகமாக்கினர். 1948-ல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கீகல் இடுப்படித் தசைப் பயிற்சியை எழுதினார். 1990-களில் ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவர்களின் ஆய்வுகள் வயிற்றின் ஆழத்தில் உள்ள குறுக்குத் தசையைக் கவனத்துக்குக் கொண்டுவந்தன. அது இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் போல இருப்பது. அதாவது, பாட்டி வெளியே கட்டிய துணி உடம்புக்குள் ஏற்கெனவே இருக்கிறது! மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மூச்சை வெளியே விடும்போது தொப்புளை மெல்ல உள்ளே இழுப்பது அதை எழுப்பும் எளிய பயிற்சி. சிசேரியன் ஆனவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இந்த அறிவு எல்லா ஊருக்கும் ஒரே வேகத்தில் போகவில்லை. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உள்ள கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. சாலையும் மருத்துவமும் அங்கே தாமதமாகவே ஏறின. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ல். அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில்.

மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்கு வயிற்றுத் தசை அழகு சமாச்சாரம் அல்ல. விறகுக் கட்டும் தண்ணீர்க் குடமும் சுமந்து மேட்டில் ஏற அதுதான் பிடிமானம். அது தளர்ந்த நிலையில் சுமை தூக்கினால் முதுகுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் உண்டு. முடங்கியவர்களுக்காக மலையேறும் அந்தக் கால்கள், பிள்ளை பெற்றவள் வீட்டு வாசலிலும் பத்து நிமிடம் நின்றால் போதும். பாட்டியின் அக்கறையோடு பயிற்சியும் சேர்ந்துவிடும்.