லியோன் நகரத்து லாம்ப்

நம் வயதுக்காரர்களுக்கு வால்வு ரேடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சுவிட்சைத் திருப்பியவுடன் பாடாது. உள்ளே இருக்கும் கண்ணாடிக் குப்பிகள் சூடேறி, செம்மஞ்சளாக ஒளிவிட்ட பிறகுதான் இலங்கை வானொலி மெல்ல மேலெழுந்து வரும். அந்தக் குப்பிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் வால்வு. அமெரிக்கர் டியூப் என்பார்கள். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அது லாம்ப். வீட்டில் எரியும் விளக்குக்கும் அதே சொல்தான். ஒலிக்காகச் செய்த பொருளுக்கு விளக்கு என்று பெயர் வந்ததற்குப் பின்னால் ஒரு போரும், லியோன் நகரத்து பல்பு ஃபாக்டரி ஒன்றும் இருக்கின்றன. (ஆங்கிலப் புத்தகங்களில் இந்த ஊரை லயன்ஸ் என்று எழுதியிருப்பார்கள். சிங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

இதை இப்போது எழுத வைத்தவன் என் பேரன். சென்னையில் வேலை பார்க்கிறான். ஹெட்போனில் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒரு ஆம்ப்ளிஃபையர் வாங்கியிருக்கிறான். அதன் தலையில் இரண்டு வால்வுகள் வெளியே தெரியும்படி நிற்கின்றன. அவற்றைக் கழற்றிவிட்டு, ரஷ்யாவில் செய்தது, ஹாலந்தில் செய்தது, பழைய இங்கிலாந்துச் சரக்கு என்று ஒவ்வொன்றாக மாட்டி, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். "தாத்தா, இதுல வயலின் நல்லா இருக்கா, அதுல நல்லா இருக்கா?" என்று என் காதிலும் மாட்டிவிட்டான். வித்தியாசம் இருந்தது. எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு என் காது இப்போது இல்லை.

குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அந்தக் குப்பிகளின் எண்கள்தான் முதலில் பிடித்துப் போயின. ஈசிசி 88 என்று போட்டிருந்தது. ஐரோப்பிய முறையில் முதல் எழுத்து ஈ என்றால், இழையைச் சூடாக்க 6.3 வோல்ட். சி என்றால் மூன்று உறுப்புகள் கொண்ட வால்வு. இரண்டு சி வந்தால் ஒரே குப்பிக்குள் அப்படி இரண்டு. எங்கள் ஆபீஸ் ஃபைல் எண்களைப் போல, படிக்கத் தெரிந்தவனுக்கு எல்லாம் அதிலேயே இருக்கிறது. அதே சமயம், ஒன்பது கால்களும் பொருந்துகின்றன என்பதற்காக ஈசிசி 83-ஐ அந்த இடத்தில் செருகக் கூடாது. இழைக்கு மின்சாரம் போகும் கால்கள் இரண்டிலும் வேறு வேறு. இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிற பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒரு குப்பியைக் கழற்றி இன்னொன்றை மாட்டிப் பார்க்கும் இதே வேலையை 1914-ல் லியோனில் சில பேர் இராப்பகலாகச் செய்தார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு அல்ல.

வால்வின் பிறப்பு அமெரிக்காவில்தான் என்பதை மறுக்க முடியாது. 1904-ல் இங்கிலாந்தில் ஃபிளெமிங் இரண்டு உறுப்புகள் கொண்ட வால்வைச் செய்தார். 1906-ல் அமெரிக்கர் லீ டி ஃபாரஸ்ட் இழைக்கும் தகட்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கம்பியை வைத்து, அதற்கு ஆடியான் என்று பெயரிட்டார். சூடான இழையிலிருந்து எலக்ட்ரான்கள் தகட்டை நோக்கிப் பாயும். நடுவில் இருக்கும் கம்பி மதகுக் கதவு மாதிரி. அதில் ஒரு சிறு அசைவு, அந்தப் பக்கம் பெரிய அசைவாக வெளிவரும். ஆனால் டி ஃபாரஸ்டின் குப்பிக்குள் காற்று முழுவதும் எடுக்கப்படவில்லை. கொஞ்சம் வாயு இருந்தால்தான் அது வேலை செய்யும் என்று அவரே நம்பினார். விளைவு, ஒரு ஆடியான் போல இன்னொன்று இருக்காது. வோல்ட்டேஜைச் சற்றுக் கூட்டினால் உள்ளே நீல ஒளி படர்ந்து ஒலி கெட்டுவிடும். அமெரிக்கப் பெரிய கம்பெனிகளின் விஞ்ஞானிகள் 1912, 1913 வாக்கிலேயே நன்றாக வெற்றிடமாக்கிய வால்வுகளைச் செய்துவிட்டார்கள் என்பதும் உண்மை. அது அவர்களின் தொலைபேசிக் கம்பிகளுக்குப் பயன்பட்டது.

பிரான்சுக்கு ஆடியான் வந்த கதை சினிமாவுக்கு ஏற்றது. போல் பிஷோன் என்ற பிரெஞ்சுக்காரர் இராணுவத்தை விட்டு ஓடிப்போய், ஜெர்மனியில் டெலிஃபுங்கன் கம்பெனியில் வேலைக்கு அமர்ந்தவர். 1914-ல் கம்பெனி அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அங்கிருந்து ஆடியான் மாதிரிகளை எடுத்துக்கொண்டு கப்பலில் திரும்பும்போது போர் வெடித்துவிட்டது. ஜெர்மனிக்குப் போனால் எதிரி நாட்டான். பிரான்சுக்குப் போனால் ஓடிப்போன சிப்பாய். பிஷோன் பிரான்சையே தேர்ந்தெடுத்தார். வந்து இறங்கியதும் கைது செய்யப்பட்டார். பெட்டியில் இருந்தவை குஸ்தாவ் ஃபெரியேயின் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

ஃபெரியே இராணுவத் தந்தித் துறையின் தலைவர். ஈஃபெல் கோபுரத்தின் உச்சியில் கம்பியில்லாத் தந்தி ஏற்படுத்தி, அந்தக் கோபுரத்தை இடித்துப் போடாமல் காத்தவர்களில் முக்கியமானவர். ஜெர்மானியர் பாரிஸை நெருங்கியபோது, கோபுரம் போய்விட்டால் மாற்று வேண்டுமே என்று லியோனில் லா துவா என்ற இடத்தில் அவசரமாக ஒரு நிலையம் எழுப்பினார்கள். அதற்குப் பயன்படுத்திய சாதனங்கள் சைகோனுக்கு என்று தயாராக வைத்திருந்தவை. சைகோனில் உறவினர் இருந்த புதுச்சேரிக் குடும்பங்கள் இதை ரசிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அதே லியோனில் கிராமோன் என்ற பல்பு ஃபாக்டரி இருந்தது. பாரிஸ் எக்கோல் நொர்மாலின் பௌதிகப் பேராசிரியர் ஆன்ரி அப்ரஹாமை அங்கே அனுப்பினார் ஃபெரியே. பேராசிரியரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பாமல் ஃபாக்டரிக்கு அனுப்பியதில்தான் ஃபெரியேயின் புத்திசாலித்தனம் இருக்கிறது. கண்ணாடியை ஊதவும், மெல்லிய டங்ஸ்டன் இழையைக் கட்டவும், காற்றை உறிஞ்சி மூடவும் அங்கிருந்த தொழிலாளர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதனால்தான் அது லாம்ப் ஆயிற்று.

முதலில் ஆடியானை அப்படியே நகல் எடுத்தார்கள். சரிப்படவில்லை. பிறகு தகட்டின் வடிவம், கம்பியின் சுற்று, இழையின் இடம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். வெற்றிடம் நன்றாக வர, உலோகத்தைப் பழுக்கக் காய்ச்சி அதற்குள் ஒளிந்திருக்கும் வாயுவை வெளியேற்றினார்கள். நல்லதா கெட்டதா என்று சொல்ல அந்நாளில் காதுதான் கருவி. ஹெட்போனுக்குக் குறுக்கே ஒரு மின்தடையை இணைத்து, ஒலி கேட்காமல் போகும்வரை அதைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். எந்த அளவில் ஒலி மறைகிறதோ அதுதான் அந்த வால்வுக்கு மார்க். என் பேரனிடம் இதைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அப்ரஹாமின் முதல் வடிவத்தில் உறுப்புகள் செங்குத்தாக நின்றன. வேலை செய்தது, ஆனால் வண்டியில் ஏற்றிப் போர்முனைக்கு அனுப்பினால் பல குப்பிகள் வழியிலேயே கெட்டன. மிஷேல் பெரி என்ற அதிகாரியும், ஃபாக்டரியைச் சேர்ந்த ழாக் பிகேயும் சேர்ந்து அந்த உறுப்புகளைப் படுக்கவைத்து இருபுறமும் தாங்கிப் பிடிக்கும்படி அமைத்தார்கள். நடுவில் நேரான இழை, அதைச் சுற்றிச் சுருள் கம்பி, அதற்கும் வெளியே சுமார் 10 மில்லிமீட்டர் அகலமும் 15 மில்லிமீட்டர் நீளமும் உள்ள நிக்கல் குழாய். அடியில் நான்கு கால்கள். அவை தவறாகச் செருக முடியாதபடி ஒரு பக்கம் தள்ளி வைக்கப்பட்டன. இருட்டுப் பள்ளத்தில் குப்பி மாற்றுகிற சிப்பாயை நினைத்துச் செய்த வேலை அது. 1915 அக்டோபரில் இருவர் பெயரிலும் காப்புரிமைக்கு மனுப் போட்டார்கள். தெலெகிராஃபி மிலித்தேர், அதாவது இராணுவத் தந்தி, என்பதன் முதலெழுத்துகளால் அந்த லாம்புக்கு தே-எம் என்று பெயர்.

தே-எம் மூன்றை வரிசையாகக் கோத்த ஒரு மரப்பெட்டி ஆம்ப்ளிஃபையர் போர்முனைக்குப் போனது. இன்றைய ஹெட்போன் ஆம்ப்ளிஃபையருக்கு அதைப் பாட்டனார் என்று சொல்லலாம். ஒரு வால்வு சுமார் பத்து மடங்கு பெருக்கும் என்றால் மூன்றுக்கும் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். குண்டு விழுந்து விழுந்து தொலைபேசிக் கம்பிகள் அறுந்துபோகும் இடத்தில், மண்ணில் இரண்டு இரும்பு முளைகளை அடித்து, மின்சாரத்தை மண்ணுக்குள்ளேயே அனுப்பித் தந்தி அடித்தார்கள். சில கிலோமீட்டர் தள்ளி இன்னும் இரண்டு முளைகள், அந்தப் பெட்டி, காதில் ஹெட்போன். கம்பி அறுந்தால் செய்தித் துண்டை எடுத்துக்கொண்டு குண்டுமழைக்குள் ஓட ஒருவன் வேண்டும். இந்தப் பெட்டி இருந்தால் அந்த ஓட்டம் மிச்சம்.

இன்னொரு உபயோகமும் இருந்தது. அந்நாளில் போர்முனைத் தொலைபேசிகள் பலவற்றுக்கு ஒற்றைக் கம்பிதான், திரும்பி வரும் வழி மண். ஆகவே எதிரி பேசுவது மண்ணில் கசியும். அதையும் இதே பெட்டியை வைத்துக் கேட்டார்கள். ஜெர்மானியரும் அவர்கள் பக்கம் அதையே செய்தார்கள். எந்தப் படை எப்போது புறப்படும் என்று ஃபோனில் வாய்விட்டுச் சொன்ன அதிகாரிகளால் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். ஒட்டுக்கேட்க முடியாத புதுக் கருவியை ஆங்கிலேயர் செய்ய வேண்டி வந்தது. நம் கடற்கரைச் சாலையில் இருக்கும் நினைவுச் சின்னம் இந்தப் போருக்குப் போன பிரெஞ்சிந்தியர்களுக்காகத்தான் எழுப்பப்பட்டது. அதைத் தாண்டி நடக்கும்போது இப்போதெல்லாம் ஹெட்போன் மாட்டிய சிப்பாய்களையும் சேர்த்தே நினைக்கிறேன்.

தே-எம் பெரிய தீனிக்காரன். இழைக்கு 4 வோல்ட், 0.7 ஆம்பியர். மூன்று குப்பிகளுக்கு 2 ஆம்பியருக்கு மேல். அதற்கான பேட்டரியைச் சேற்றில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். குப்பியின் ஆயுள் நூறு மணி நேரம்கூட இல்லை. விளக்கைப் போலவே பளீரென்று எரிந்து சீக்கிரம் அணைந்துவிடும். ஆனால் எந்தக் குப்பியை எடுத்து மாட்டினாலும் முந்தையதைப் போலவே வேலை செய்தது. ஆடியானால் முடியாதது இதுதான். வால்வு வரலாற்றில் இந்த ஒன்றுக்காகவே லியோனுக்குத் தனி அத்தியாயம் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆங்கிலத்தில் படிக்கக் கிடைப்பதில் டி ஃபாரஸ்டுக்குப் பக்கம் பக்கமாக இருக்கிறது, லியோனுக்கு ஒரு வரி. இத்தனைக்கும் பிரிட்டிஷ் இராணுவம் ஆர் வால்வு என்று பயன்படுத்தியது இதன் நகலைத்தான். பின்னால் ரஷ்யாவிலும் இதே அமைப்பில் செய்தார்கள்.

போர் முடிந்ததும் மிச்சமிருந்த இராணுவச் சரக்கு கடைக்கு வந்தது. பிரான்சில் வீட்டில் உட்கார்ந்து ரேடியோ கட்டிய முதல் தலைமுறை இந்தக் குப்பிகளால்தான் கட்டியது. 1921 கடைசியில் ஈஃபெல் கோபுரத்திலிருந்து பேச்சும் பாட்டும் ஒலிபரப்பியபோது, தே-எம் போட்ட பெட்டியோடு ஹெட்போனில் கேட்டவர்கள் நிறைய. சில ஆண்டுகளில் 0.06 ஆம்பியரில் எரியும் குப்பிகள் வந்தன. அதன் பிறகும் 1930-கள் வரை பழைய தே-எம் தயாரிப்பு நிற்கவில்லை.

ஃபெரியே ஜெனரலாகி 1932-ல் காலமானார். அப்ரஹாம் போர்க்காலத்திலேயே தன் சக பேராசிரியர் எழேன் பிளோக்குடன் சேர்ந்து, இரண்டு வால்வுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக இணைத்து, தானே துடித்துக்கொண்டிருக்கும் ஒரு சுற்றைக் கண்டுபிடித்தார். மல்ட்டிவைப்ரேட்டர் என்று எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் இன்றும் எழுதுகிறார்களே, அதுதான். அது யாருடையது என்று பேரனிடம் கேட்டேன், பெயர் தெரியவில்லை. பாடப்புத்தகத்தில் போடவில்லையாம்.

இருவரும் யூதர்கள். அப்ரஹாமை 1943-ல் தென் பிரான்சில் கைது செய்தார்கள். வயது 75. அந்த ஆண்டு டிசம்பரில் ஆஷ்விட்சுக்கு அனுப்பிக் கொன்றார்கள். பிளோக் 1944-ல் அதே இடத்துக்கு அனுப்பப்பட்டார்.