இலவசக் கல்வியும் இணையவழிக் கற்பித்தலும்

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி கட்டணத்தை நீக்கியதேயன்றி, கற்றற்சாதனங்கள் யாருடைய உடைமை என்னும் வினாவைத் தீர்க்கவில்லை. 1980இல் பாடநூலையும் 1993இல் சீருடையையும் அரசு ஏற்றுக்கொண்டது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோதோ, கைத்தொலைபேசி பெற்றோர் தலையில் விழுந்தது. நகர மத்தியதர வர்க்கம் நவீனத்துவத்தின் கொடையென வரவேற்ற இணையவழிக் கல்வியை, சமிக்ஞை தேடிக் குன்றேறிய கிராமத்து மாணவர் வேறுவிதமாகவே அறிந்தனர்.

2021 யூலையில் சம்பள முரண்பாட்டை முன்னிறுத்தி ஆசிரிய தொழிற்சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. பிள்ளைகளைக் கைவிட்டனர் என்ற கண்டனமும் எழாமலில்லை. எனினும், சேவையெனப் புகழப்பட்டது, ஆசிரியர் தம் சொந்தக் கருவியையும் பணத்தையும் இட்டுச் செய்த உழைப்பே என்பது அன்றுதான் வெளிப்பட்டது என்பது எமது கருத்து. 2022இல் எரிபொருளின்மையால் நகரப் பாடசாலைகள் மீண்டும் இணையவழிக்குப் பணிக்கப்பட்டபோது பழைய வியப்பு எஞ்சியிருக்கவில்லை. ரூபாவின் வீழ்ச்சியால் கைத்தொலைபேசியின் விலையும் அதற்குள் பெரிதும் உயர்ந்திருந்தது.