இரண்டு முறை நிறுவிய காலம்

லினக்ஸ் கணினியில் லிப்ரே ஆபீஸ் வேண்டுமா? இன்று ஒற்றை வரிக் கட்டளை போதும். உபுண்டுவின் முழு நிறுவலில் அதுவும் தேவையில்லை, கூடவே வந்துவிடும்.

இந்த அலுவலக மென்பொருளின் கதை தொடங்கியது ஜெர்மனியின் லூனபர்க்கில். 1985இல் மார்கோ போரிஸ் என்ற பதின்ம வயதுப் பையன் ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினார். 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கியது. ஊழியர் அனைவருக்கும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் உரிமம் வாங்குவதைவிட, கம்பெனியையே வாங்குவது மலிவு என்று கணக்குப் போட்டார்களாம். வேடிக்கையான கணக்குதான், ஆனால் பலன் உலகத்துக்கு: 2000 அக்டோபரில் அந்த நிறுவனத்தின் ஆபீஸ் மென்பொருளின் மூலநிரல் பொதுவில் வந்தது.

அந்த மூலநிரலிலிருந்து 2002இல் ஓபன் ஆபீஸ் 1.0 வெளியானது. பலர் பயன்படுத்தும் கணினி என்றால் நிறுவுவதில் இரட்டை வேலை. முதலில் நிர்வாகி ‘ரூட்’ உரிமையுடன், நெட்வொர்க் முறையில் ஒருமுறை நிறுவ வேண்டும்; பிறகு ஒவ்வொரு பயனரும் தத்தம் கணக்கில் நுழைந்து மறுபடி அமைவு நிரலை ஓட்ட வேண்டும். பள்ளி ஆய்வகம் போன்ற இடங்களில் இது எவ்வளவு எரிச்சலூட்டியிருக்கும்! 2005இல் வந்த 2.0 பதிப்பு ஆர்பிஎம் என்ற லினக்ஸ் நிறுவல் தொகுப்புகளுக்கு மாறி அந்தத் தொல்லையைத் தீர்த்தது.

2010இல் சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் ஓபன் ஆபீஸ் நிரலாளர்கள் பலர் பிரிந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். 2011 ஏப்ரலில் வந்த உபுண்டு 11.04, ஓபன் ஆபீஸை இறக்கிவிட்டு லிப்ரே ஆபீஸை ஏற்றிக்கொண்டது.